கடல் மேல் போட்ட பழி

அத்தியாயம் 4

அரண்மனை என்றால் ஒரு கம்பீரம் வேண்டாமா? இதைப் பார்த்தால் பேக்கரிக்காரன் தூக்கக் கலக்கத்தில் கட்டியது மாதிரி இருந்தது. கடலைப் பார்த்து வெங்காயம் வெங்காயமாக ஒன்பது கும்மட்டங்கள். நடுவே ஊசி ஊசியாகக் கோபுரங்கள். வாசலில் டிராகன், தூணில் தாமரை, கூரை விளிம்பில் கல்லிலேயே பின்னிய பனையோலை. இதைக் கட்டிய ராஜா ஒரு தடவைகூடக் கப்பல் ஏறினதில்லையாம். தூர தேசங்களைப் படத்தில் பார்த்துவிட்டு, அதில் ஒன்று இதில் ரெண்டு என்று கைகாட்டியிருக்கிறார். போதாக்குறைக்குக் கும்மட்டம் பூராவும் கடல் பறவைகளின் எச்சம்.

"எப்படிடா இருக்கு, வாயாடி?" மேடம் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பணம் கொட்டிக் கிடந்து ரசனை பத்தலேன்னா இப்படித்தான் மேடம் ஆகும்."

"கட்டடத்தைக் கேக்கல. நாத்தம் எப்படி இருக்கு?"

மேடத்துக்கு மூன்று நாளாக ஜலதோஷம். மூக்கு சுத்தமாக அடைத்துவிட்டது. முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு துப்பறியும் தொழில். பொய் சொல்கிறவன் முகத்தை ஓடுகிற ரயிலிலேயே படித்தவர். ஆனால் இன்றைக்கு மோப்பம் பிடிக்கிற வேலை முழுக்க அவருடைய உதவியாளான என் தலையில்.

"செத்த எலிக்கு சென்ட் அடிச்ச மாதிரி இருக்கு. குடலைப் புரட்டுது."

"நல்லது. நெனப்புல வெச்சுக்க."

எதை நல்லது என்கிறார்? மணி ரெண்டேகால். நாலு மணிக்கு என் சித்தியைப் போலீஸ் வண்டியில் ஏற்றப்போகிறார்கள்.

விஷயம் இதுதான். அரண்மனை இப்போது அருங்காட்சியகம். உள்ளே விருந்து மண்டபத்தில் இருபத்துநாலு பேர் உட்காரும் மேசை. ராஜாவின் கடைசி விருந்தில் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் பொம்மைச் சாப்பாடாகச் செய்து பரப்பியிருக்கிறார்கள். மேசையில் ஒரே ஒரு பொருள்தான் அசல். ராஜா தட்டுக்கு முன்னால் இருந்த, உள்ளங்கை நீளத் தங்கப் படகு. எதற்கு? உப்பு வைக்க. உப்பு வைக்கத் தங்கம்! ஒன்பது நாளைக்கு முன்னால் அது காணாமல் போனது. மண்டபத்துக்கு ரெண்டு சாவி. ஒன்று அரண்மனைக் காப்பாட்சியரிடம். இன்னொன்று, காலை ஏழு மணிக்குத் திறந்து துடைக்கிற என் சித்தியிடம்.

யாரைப் பிடிப்பார்கள்? துடைப்பம் பிடித்த கையைத்தான். அம்மா போன பிறகு என்னை வளர்த்த கை அது.

தரை கெட்டுவிடக் கூடாது என்று செருப்புக்கு மேலே துணி உறை மாட்டிவிட்டார்கள். வழுக்கிக்கொண்டே காப்பாட்சியர் அறைக்குள் நுழைந்தேன். கதவோரம் ஏதோ காலில் இடித்தது. உயிர் போய் உயிர் வந்தது.

"ஐயோ, பெருவிரல்!"

"பாத்து வாங்க," என்றார் காப்பாட்சியர். "கடல் காத்துக்குக் கதவு படார் படார்னு அடிச்சுக்கும். அதான் முட்டுக்கொடுத்து வெச்சிருக்கேன்."

துண்டு சுற்றிய ஒரு கனத்த மூட்டை. கல்லாக இருக்கும். கல்லையும் துண்டு கட்டித்தான் வைப்பார்கள் போல, அரண்மனை ஆயிற்றே.

காப்பாட்சியர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். வெண்ணெய் தடவின சிரிப்பு. பேச்சுக்கு நடுவே ஒரு பாட்டிலை எடுத்துப் புஸ் புஸ் என்று ரோஜா சென்ட்டை அடித்தார். நாற்றம் போகவில்லை, ரோஜாதான் நாறியது.

"மன்னிச்சுக்குங்க. கடல்ல பாசி அழுகுது. இந்த சீசன்ல இப்படித்தான்." எதிரே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரும் கைக்குட்டைக்குள்ளிருந்து ஆமாம் போட்டார்.

மேடம் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கடித்தார். எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது.

"வெளியே போறப்ப எல்லாரையும் சோதனை போடறாங்களாமே?"

"எல்லாரையும். நான் உட்பட. பை, பாக்கெட், சாப்பாட்டு டப்பா, ஒண்ணு விடாம."

"உள்ளே வர்றப்ப?"

"வர்றப்ப எதுக்குங்க?"

"அப்படின்னா படகு எப்படி வெளியே போச்சு?"

"ஜன்னல் வழியா வீசியிருப்பா. கீழே ஆள் நின்னிருப்பான். பதினாறு வருஷமா சோறு போட்ட இடம் இது. இந்த ஜனங்களுக்கு நன்றியாவது ஒண்ணாவது!"

வாயைத் திறந்தேன். மேடம் என் காலை மிதித்தார், அதே பெருவிரல். மூடிக்கொண்டேன்.

"அது என்ன பெட்டி?" சுவரோரம் வைக்கோல் நிரப்பிய மரப்பெட்டி ஒன்று மூடி திறந்து நின்றது.

"பொம்மைச் சாப்பாட்டுல கீறல், விரிசல் விட்டதை, அதைச் செஞ்சவர்கிட்டயே பழுது பாக்க அனுப்பறது. காவலாளி முன்னாடி அடுக்குவோம். அவர் பாத்து சீல் வெச்சுட்டா வாசல்ல திறக்க மாட்டாங்க. உடையற சாமான் பாருங்க. படகு காணாம போச்சே, அன்னிக்குப் பத்து மணிக்கே போயிருக்க வேண்டியது. அதுக்குள்ள இந்தக் கூத்து. மேசையைச் சுத்திக் கயிறு கட்டிட்டாங்க, ஒரு ஸ்பூனைக்கூட அசைக்க முடியல."

"நாலு மணிக்குக் கயிறு அவிழ்ந்துடும் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தம்மாவைக் கூட்டிட்டுப் போய்ட்டா எங்க வேலை முடிஞ்சுது."

"பெட்டியை ஏத்த நாலரைக்கு வண்டி சொல்லிட்டேன்," என்றார் காப்பாட்சியர்.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிரஷை எடுத்து வைத்தார். தூசி தட்டுகிற, நீள முடி பிரஷ். ஒரு பக்கம் முடி கொத்தாகப் பிய்ந்திருந்தது. நுனியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து விறைத்திருந்தது.

"அவ அலமாரியில துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தா. தப்பு பண்ணாதவ பிரஷை எதுக்குங்க ஒளிக்கணும்?"

"கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுலயே தெரியலையா?"

மேடம் பிரஷை மூக்கருகில் கொண்டுபோனார். பழக்க தோஷம். அப்புறம் ஞாபகம் வந்து என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். வார்னிஷ் வாடை.

சித்தி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பிடி ஒரு மரப் பாம்பு. அதன் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி. திருடி என்று சொல்லிவிட்டு, இன்று காலைவரை வராந்தாவைத் துடைக்கவும் விட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஒன்பது வெங்காயத்தையும் உரித்துப் போட்டிருப்பேன்.

"சாப்பிட்டியாடா?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

"இந்த நாத்தத்துலயா? சித்தி, பிரஷை எதுக்கு ஒளிச்சீங்க?"

தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் அவள் பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. நான் டிக்கெட் கேக்கற ஆள், தூக்குல போடற ஆள் இல்ல."

"மேசை மேல இருக்கறதைக் காப்பாட்சியர் மட்டும்தான் கையால தொடலாங்க. அது இங்க விதி. நாங்க பிரஷ் நுனியால தூசி தட்டலாம், அவ்வளவுதான். அன்னிக்கு வான்கோழி மேல பிரஷை ஓட்டினேன். பிசுபிசுன்னு பிடிச்சுக்கிச்சு. இழுத்தேன், முடி பிய்ஞ்சு அதுலயே ஒட்டிக்கிச்சு. பொம்மையைக் கெடுத்துட்டேன்னு வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு பிரஷை ஒளிச்சிட்டேன்."

"திருட்டுப் பட்டத்தைவிட அது பெரிய குத்தமா சித்தி?"

"திருடலைடா. அதனால அது எம்மேல ஒட்டாதுன்னு நெனச்சேன். இது நான் செஞ்சதாச்சே."

மேடம் கண் இமைக்காமல் கேட்டார்.

"படகு இல்லேங்கறது எப்படித் தெரிஞ்சுது?"

"அந்த இடத்துல ஒரு கைத்துண்டை மடிச்சு, கூரை மாதிரி நிக்க வெச்சிருந்துச்சு. பதினாறு வருஷத்துல அங்க துண்டு இருந்ததில்ல. பிரஷ் கட்டையால தள்ளினேன். கீழே படகு இல்ல. பதறிப் போய்க் கத்திட்டேன்."

"கத்தி எல்லாரையும் கூட்டினது நீதானா?"

"நான்தாங்க. ஏழரை மணிக்கு."

மேடம் எழுந்தார். "அட, அட! தானே திருடி, தானே கூப்பாடு போட்டு, தன்னையே மாட்டிவிட்டுக்கற திருடியை இன்னிக்குத்தான் பாக்கறேன். வாடா, மண்டபத்துக்கு. உன் மூக்குக்கு வேலை இருக்கு."

மண்டபத்தில் கூரை உச்சியிலிருந்து ஒரு வெள்ளி டிராகன் தொங்கியது. அதன் நகத்தில் மாட்டி, யானை எடை இருக்கும் ஒரு சரவிளக்கு. கீழே மேசை. ஒரு மனுஷன் தின்கிற சாப்பாடா அது? முழுப் பன்றி, முழு மான் தொடை, மலை மாதிரி மீன், ஆளுயரக் கேக், நட்டநடுவில் பளபளவென்று வான்கோழி. மொத்தம் அறுபது வகை. இத்தனையும் தின்றுவிட்டு ராஜா பக்கத்து அறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி வந்து உட்காருவாராம். அதற்கென்றே ஒரு பளிங்குத் தொட்டி. அதையும் டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். சே!

நாற்றம் முகத்தில் அறைந்தது. இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். காப்பாட்சியர் சென்ட் பாட்டிலோடு பின்னாலேயே ஓடிவந்தார்.

"கடல் நாத்தம்தானே?" என்றார் மேடம்.

"கடலேதாங்க."

மேடம் நேராகப் போய்க் கடல் பக்கத்து ஜன்னலின் கொக்கியைத் தூக்கினார்.

"ஐயையோ, அதைத் திறக்காதீங்க! உப்புக் காத்து பட்டா சுவர்ல ஒட்டியிருக்கற பட்டுத் துணி பாழாயிடும்!"

ஜன்னல் திறந்தது. கடல் காற்று குபீரென்று உள்ளே வந்தது.

"வாயாடி, நாத்தம் இப்ப கூடுதா, குறையுதா?"

ஒன்பது நாளில் அந்த மண்டபத்தில் யாருமே இழுக்காத ஒரு மூச்சை இழுத்தேன். "குறையுது மேடம்! அப்பாடா, நல்லாவே குறையுது."

"மூடு. இப்ப?"

மூடினேன். "உவ்வே!"

"கடல்லேர்ந்து வர்ற நாத்தம்னா ஜன்னலைத் திறந்தா கூடணும் சார்," என்றார் மேடம், காப்பாட்சியரைப் பார்த்து. "பாவம், கடல் மேல ஏன் பழி போடறீங்க? வாடா, மேசையைச் சுத்தி வா. கயிறுக்கு இந்தப் பக்கமா நின்னு ஒவ்வொரு தட்டா முகர்ந்து பாரு."

என் வாழ்க்கையில் இப்படி ஒரு விருந்தை நான் சாப்பிட்டதில்லை. பன்றி: பெயின்ட் வாடை. மீன்: ஒன்றுமில்லை, மீன் நாற்றம்கூட இல்லை. கேக்: தூசி. வான்கோழியிடம் வந்தேன். அதன் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அப்புறம்தான் கண்ணில் பட்டது, ஒரு ஈ இல்லை, ஒரு கூட்டம். பார்க்க வந்த ஜனம் ஈயையும் ராஜா காலத்து ஏற்பாடு என்றே நினைத்திருக்கும். பளபளப்பான தோலில் நாலைந்து முடி ஒட்டியிருந்தது. தட்டில் தேன் மாதிரி ஏதோ தேங்கியிருந்தது. அது தேன் இல்லை என்பதை என் வயிறு எனக்கு முன்னாலேயே புரிந்துகொண்டது.

"இ... இதுதான் மேடம்," என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன்.

மேடம் பென்சிலை எடுத்து வான்கோழியின் மார்பில் குத்தினார். பொம்மையென்றால் டொக்கென்று நிற்க வேண்டும். பென்சில் சளக்கென்று பாதிக்குமேல் உள்ளே போனது.

"நிஜக் கோழி!" இன்ஸ்பெக்டர் அலறினார்.

காப்பாட்சியர் ஒரு விநாடி விறைத்தார். அடுத்த விநாடியே தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! ஏமாத்திட்டானே! பொம்மை செஞ்சு தரச் சொன்னா, அந்தப் பொம்மைக்காரன் நிஜக் கோழியைச் சுட்டு, வார்னிஷ் அடிச்சு ஏமாத்திட்டானே! சார், அவன் மேல கேஸ் போடுங்க!"

"போட்டுடுவோம்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா மேடம், அது வேற கேஸ். படகு கேஸ் படகு கேஸ்தான். மணி மூணே முக்கால்."

இவ்வளவு குமட்டலும் வீணா? வாசலில் சித்தி வாளியோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் பென்சிலைத் துடைத்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல ஒண்ணு கத்துக்கிட்டேன் இன்ஸ்பெக்டர். டிக்கெட் இல்லாதவன்தான் முதல்ல பக்கத்து சீட்டுக்காரனைக் கைகாட்டுவான். சார், அந்தப் பொம்மைக்காரர் இதை எப்ப குடுத்தார்?"

"மூ... மூணு வருஷத்துக்கு முன்னாடி."

"மூணு வருஷம் நாறாத கோழி ஒன்பது நாள்ல நாறிடுச்சா?"

புஸ் என்று ஒரு சென்ட் மட்டும் வந்தது. கை தன்னால் அமுக்கியிருக்கிறது.

"அந்தம்மா பிரஷ்ல இருக்கறது வார்னிஷ். அன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு அது இன்னும் ஈரமா இருந்திருக்கு. எண்ணெய் வடியற தோல் மேல அடிச்சா லேசுல காயாது சார். பொம்மைக்காரருக்கு அது தெரியும், உங்களுக்குத் தெரியல. ஆக, இந்தக் கோழி முந்தின நாள் சாயங்காலம் இங்க வந்து உக்காந்திருக்கு. உள்ளே கொண்டுவர சோதனை கிடையாது. மேசை மேல கையால தொட உரிமை ஒரே ஒருத்தருக்குத்தான்."

"நான் எதுக்குங்க கோழியை..."

"பொம்மை உள்ளே கெட்டி. நிஜக் கோழிக்கு வயிறு காலி. காவலாளி கண் முன்னாடியே பெட்டியில ஏத்தி, அவர் கையாலயே சீல் வெச்சு, பத்து மணிக்கு வெளியே அனுப்பிடலாம். அதுவரைக்கும் படகு இருந்த இடத்தை மறைக்க ஒரு கைத்துண்டு. கணக்கு சரியாத்தான் போட்டீங்க. ஆனா பதினாறு வருஷமா ஒழுங்கா வேலை பாக்கறவங்க கண்ணு ஏழரைக்கே அதைப் பிடிச்சிடுச்சு. போலீஸ் கயிறு கட்டிட்டாங்க. கோழி மேசையிலயே மாட்டிக்கிச்சு. அந்தம்மாவை உள்ளே தள்ளினாத்தான் கயிறு அவிழும், கோழி வண்டி ஏறும். அதுக்குத்தான் இவ்வளவு அவசரம்."

"கட்டுக்கதை! பொம்மை வான்கோழி எங்கேங்க போச்சு அப்போ? அதையும் நான் தின்னுட்டேனா?"

என் பெருவிரல் விண்ணென்று தெறித்தது. பாய்ந்து ஓடினேன். அறைக் கதவோரத்து மூட்டையைத் தூக்கி வந்து துண்டைப் பிரித்தேன். பழுப்பு நிறத்தில், கால் மடக்கி, அழகாக ஒரு வான்கோழி. கல்லு மாதிரி கனம். அடியில் அரண்மனை எண்.

"வெளியே எடுத்துட்டுப் போக முடியாம கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கார் மேடம்," என்றேன். "என் விரல் சாட்சி."

இன்ஸ்பெக்டர் கயிற்றை அவிழ்த்தார். கோழியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார்.

"யாராவது உள்ளே கைவிட்டுப் பாக்கணும்."

"சார், உங்க கையுறையைக் குடுங்க," என்றேன் காப்பாட்சியரிடம். மனுஷன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சட்டைக் கையை மடித்தேன். சித்தி வாசலிலிருந்து, "வேண்டாம்டா!" என்றாள். சின்ன வயசில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து அவள் கழுவிவிட்டபோதெல்லாம் இந்த 'வேண்டாம்' அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன்.

அது எப்படியிருந்தது என்று எழுதமாட்டேன். நீங்கள் சாப்பிட வேண்டும், நானும் சாப்பிட வேண்டும். வெதுவெதுவென்று இருந்தது என்பதோடு விடுகிறேன். உள்ளே எதெதுவோ நெளிந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே கெட்டியாக ஒன்று விரலில் தட்டியது. இழுத்தேன். கூடவே வந்த நாற்றத்தில் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

அதே நொடியில் மேடம் ஹச்சென்று தும்மினார். கண்கள் விரிந்தன.

"சீச்சீ! என்னடா இது! மூக்கு திறந்துடுச்சுடா!"

என் உள்ளங்கையில், நிணம் வழிய, ராஜாவின் உப்புப் படகு.

காப்பாட்சியர் நாற்காலியில் சரிந்தார். அப்போதும் மனுஷனுக்கு வாய் அடங்கவில்லை. "ஒன்பது நாள்! இந்த நாத்தத்துல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!" என்று தன்னைத்தானே பரிதாபப்பட்டுக்கொண்டார். அந்த ஒன்பது நாளும் சித்தி பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம். நான் கைவிட்ட கோழியே தேவலை என்றிருந்தது.

இன்ஸ்பெக்டர் படகைக் காகிதத்தில் சுற்றினார். பிறகு, மேசையில் வழிந்து கிடந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பினார். ஒரு மன்னிப்பு வரும் என்று நினைத்தேன்.

"ஏம்மா, அப்படியே நிக்கறியே? வந்து இதைக் கொஞ்சம் துடைச்சு விடு."

மேடம் முகம் சிவந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சித்தி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பதினாறு வருஷமும் வந்தது போல, சுவரோரமாக, சத்தமில்லாமல். வந்தவள் மேசைப் பக்கமே போகவில்லை. வாளியைக் காப்பாட்சியரின் காலடியில் வைத்தாள். துணியைப் பிழிந்து, அவருடைய வெள்ளைக் கையுறை மேல் போட்டாள்.

"மேசை மேல இருக்கறதை நாங்க தொடக் கூடாதுங்க," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "ஐயா மட்டும்தான் தொடலாம். அது இங்க விதி."

பிறகு என் சுத்தமான கையைப் பிடித்து, கை கழுவக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.